ஏழாம் வகுப்பு மட்டாஞ்சேரிக்குப் போகிறது

கொச்சியை அடுத்த திருப்பூணித்துறை ஹில் பேலஸ் வாசலில் வந்து நிற்கும் பள்ளிக்கூட பஸ்களை வருஷம் முழுக்கப் பார்க்கிறேன். பிள்ளைகள் வரிசையாக இறங்குவார்கள். 1865-ல் கட்டியது, 54 ஏக்கர், 49 கட்டடங்கள் என்று யாராவது ஒப்பிப்பார்கள். பிள்ளைகள் கிரீடம் பார்ப்பார்கள், பல்லக்கு பார்ப்பார்கள், வெளியே வந்து ஐஸ் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். மறுநாள் வகுப்பில் 'நான் கண்ட அரண்மனை' என்று ஒரு பக்கக் கட்டுரை. ஊர் சுற்றுவது நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் சோஷியல் பாடம் எங்கே இருக்கிறது?

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். இங்கே ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு சோஷியல் எடுக்கிறேன். அதே ஹில் பேலஸுக்கு என் பிள்ளைகளையும் கூட்டிப் போவதுண்டு. ஆனால் முழு அரண்மனையையும் காட்டுவதில்லை. கிரீடத்துக்கு முன்னால் மட்டும் நிறுத்துவேன். போர்ச்சுகீசியர் கொடுத்ததாகச் சொல்லப்படும் கிரீடம் அது. கொச்சி ராஜாக்கள் அதைத் தலையில் வைத்ததில்லை, மடியில்தான் வைத்துக்கொண்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கோழிக்கோட்டுச் சாமூதிரியிடம் பறிகொடுத்த பூர்வீக ஊரான வன்னேரியை மீட்கும்வரை கிரீடம் சூடுவதில்லை என்று சபதமாம். "அப்புறம் மீட்டாங்களா டீச்சர்?" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். கிரீடத்தைக் கொடுத்தவனுக்கு இதில் என்ன லாபம் என்று இன்னொரு குரல் வரும். இரண்டாவது கேள்வி வந்துவிட்டால் அன்றைக்கு என் வேலை பாதி முடிந்தது. மிளகு, கோட்டை, பாதுகாப்பு என்ற பெயரில் வந்த அதிகாரம் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால் தானாக வரும்.

இன்னொன்று ரயில். ஷொறணூரிலிருந்து எர்ணாகுளம்வரை 1902-ல் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குப் பணம் போதாமல், பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களைக் கொச்சி ராஜா ராஜரிஷி ராமவர்மா விற்றார் என்பது திருப்பூணித்துறையில் எல்லா வீட்டிலும் சொல்லும் கதை. கோயில் வாசலில் நின்று, விற்றது சரியா தவறா என்று பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரித்து விட்டுவிடுவேன். சாமி சொத்தை ராஜா எப்படி விற்கலாம் என்று ஒரு கட்சி. ரயில் எல்லாருக்கும் பொது, நெற்றிப்பட்டம் யானைக்கு மட்டும்தானே என்று மறு கட்சி. பொதுச் சொத்து என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு இந்த வாக்குவாதத்தை நான் வரவழைக்க முடியாது.

ஓணத்துக்கு முன்னால் அத்தம் நாளில் நடக்கும் அத்தச்சமயம் எங்களுக்கு வீட்டு வாசலுக்கே வரும் பாடம். ராஜா ஊர்வலம் போன காலத்தில் நெட்டூர் தங்ஙள், கரிங்ஙாச்சிறை கத்தனார், செம்பில் அரையன் ஆகிய மூவருக்கும் அதில் மரியாதை உண்டு. ஒருவர் முஸ்லிம் பெரியவர், ஒருவர் கிறிஸ்தவப் பாதிரியார், ஒருவர் மீனவத் தலைவர். 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்ததோடு ராஜாவின் ஊர்வலம் நின்றது. 1961-லிருந்து அது மக்கள் விழா. ராஜா போய்விட்டார், ஊர்வலம் இருக்கிறது; இப்போது செலவு யாருடையது, வழியை யார் முடிவு செய்கிறார்கள்? நகராட்சி உறுப்பினர்கள் அன்று தெருவிலேயே நிற்பார்கள். பிள்ளைகள் நேரே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனாலும் மட்டாஞ்சேரிதான் என் பெரிய வகுப்பறை. திருப்பூணித்துறையில் மெட்ரோ ஏறி மகாராஜாஸ் காலேஜில் இறங்கி, படகுத்துறைக்கு நடந்தால் ஃபோர்ட் கொச்சிக்குப் படகு; அதை ஒட்டியதுதான் மட்டாஞ்சேரி. படகு நகர்ந்ததும் பாடம் ஆரம்பம். 1913-ல் இந்தக் காயலில்தான் ஒடுக்கப்பட்ட சாதியினரான புலையர்கள் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் மாநாடு நடத்தினார்கள். கரையில் கூட்டம் போட அவர்களுக்கு இடம் இல்லை. கவிஞர் பண்டிட் கருப்பன் போன்றவர்கள் துணை நின்றார்கள். 'சமத்துவ உரிமை' என்று புத்தகத்தில் படித்த பிள்ளை, தண்ணீர் ஆடும் படகில் நின்று இதைக் கேட்கும்போது கரையைத் திரும்பிப் பார்க்கும். அதைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

வழியில் வில்லிங்டன் தீவு. பழைய வரைபடத்தின் நகலில் இந்தத் தீவைத் தேடச் சொல்வேன். இப்போதிருக்கும் அளவில் கிடைக்காது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920-ல் வந்து, துறைமுக வாயை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி, தோண்டிய மண்ணைக் காயலில் கொட்டி நிலமாக்கினார். 1928-ல் 'பத்மா' என்ற கப்பல் உள்ளே வந்தது. புவியியலும் வரலாறும் வேறு வேறு பாடம் என்ற எண்ணம் பிள்ளைகளிடமிருந்து இந்த இடத்தில் கழன்றுவிடும்.

தமிழ் வாசகர்களுக்காக ஓர் இடைச்செருகல்: 1579-ல் 'கிரிசித்தியானி வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகம் அச்சானது இந்தக் கொச்சியில்தான். அதற்கு முந்தைய வருஷம் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்'. என் மலையாளப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்ப்பதை மறைப்பதில்லை.

தமிழ் இங்கே புத்தகத்தில் மட்டும் இல்லை. ஃபோர்ட் கொச்சியின் வேளியில் தோபிகானா என்ற சலவைக்கூடம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் காலத்தில் சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் அங்கே இன்றும் வெளுக்கிறார்கள். ஆளுக்கொரு தொட்டி, துவைகல். முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகிக் காயப்போடுகிறார்கள், கிளிப் கிடையாது. கஞ்சி போடுகிறார்கள், கரிப்பெட்டியால் தேய்க்கிறார்கள். முன்கூட்டியே போய் அனுமதி கேட்டுவிட்டுத்தான் பிள்ளைகளைக் கூட்டிப் போவேன். அவர்கள் வேலை நேரம் நமக்கு வேடிக்கை ஆகிவிடக் கூடாது. அங்கே ஒரு பெரியவர் என் தமிழைக் கேட்டதும், "வாங்க டீச்சர், நம்ம ஊருப் பேச்சா இருக்கே" என்றார். அவர் தமிழில் பாதி மலையாளம். ஒரு பெண், தயங்கித் தயங்கி, "தாத்தா, உங்க பேரப் பிள்ளைங்களும் இந்த வேலைக்கு வருவாங்களா?" என்று கேட்டாள். "வரமாட்டாங்க. வரவும் வேண்டாம். படிக்கிறாங்க" என்றார். சாதி, தொழில், கல்வி மூன்றையும் பற்றி நான் ஒரு வாரம் எடுக்கும் பாடம் அந்தப் பதிலில் இருந்தது. திரும்பி வந்தபின் அந்த ஒரு வாரத்தையும் எடுத்தேன், அது வேறு. வெளியே பார்த்ததை வகுப்பில் பிரித்துப் பேசாவிட்டால் பார்த்தது வீண்.

யூதத் தெருவை நான் சீக்கிரம் கடந்துவிடுவேன். எல்லாக் கைடு புத்தகத்திலும் அது இருக்கிறது. 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயம், தரையில் சீனாவிலிருந்து வந்த நீலப்பூ ஓடுகள், மணிக்கூண்டில் ஹீப்ரு, ரோமன், மலையாள எண்கள். ஒரே தெருவில் எத்தனை பேர் மணி பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்வதில்லை. பக்கத்தில் இருக்கும் டச்சு அரண்மனையைக் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர், பழுது பார்த்தவர்கள் டச்சுக்காரர், இருந்தவர் கொச்சி ராஜா. பெயர் யாருக்குப் போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

நான் அதிக நேரம் நிற்பது சாப்பா கதையில். துறைமுகத்தில் அந்தக் காலத்தில் தினக்கூலி வேலைக்கு ஒரு முறை இருந்தது. வாசலில் நூற்றுக்கணக்கான பேர் காத்திருப்பார்கள். கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்தின்மேல் வீசி எறிவான். அதுதான் சாப்பா. அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவன் வெறுங்கையோடு வீட்டுக்கு. இதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். 'துறமுகம்' என்று 2023-ல் மலையாளப் படமே வந்திருக்கிறது.

இந்தக் கதையை முதலில் சொல்லமாட்டேன். ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்தி, பத்துச் சட்டைப் பொத்தான்களை வீசுவேன். பொத்தான் கிடைத்தவருக்குத்தான் கடலை மிட்டாய். முதல் தடவை சிரிப்பும் கும்மாளமும். இரண்டாம் தடவை உயரமானவர்கள் முன்னால் வந்துவிடுவார்கள், கண்ணாடி போட்ட பிள்ளை பின்னால் ஒதுங்கும். மூன்றாம் தடவைக்குள் ஒருவன் என் காதருகே வந்து, "டீச்சர், என் பக்கம் எறியுங்க, பாதி மிட்டாய் தர்றேன்" என்பான். லஞ்சம் எப்படிப் பிறக்கிறது என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தந்துவிட முடியாது. அப்புறம் விதியை நீங்களே மாற்றுங்கள் என்று விட்டுவிடுவேன். கொஞ்ச நேரச் சண்டைக்குப் பிறகு பெயர்ப் பட்டியல் எழுதி, முறை வைத்துக்கொள்வார்கள். முறை தவறாமல் பார்த்துக்கொள்ள ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன் பிறகுதான் சாப்பா கதை. தொழிற்சங்கம், சுமை தூக்கும் தொழிலாளர்களுக்கான 1978-ஆம் ஆண்டுக் கேரளச் சட்டம் எல்லாம் அதற்குப் பிறகு அவர்களுக்கு மனப்பாடப் பகுதியாக இருப்பதில்லை.

ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் பாடம் பற்றி இல்லை. கழிப்பறை, வெயில், பெற்றோர் சம்மதம். நியாயமான கேள்விகள். கழிப்பறை எங்கே என்று பார்த்து வைக்காமல் எந்தத் தெருவுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். ஹில் பேலஸுக்குத் திங்கள் விடுமுறை, டச்சு அரண்மனைக்கு வெள்ளி, ஜெபாலயத்துக்கு வெள்ளியும் சனியும். ஜூன், ஜூலை மழையில் காயல் பக்கமே வேண்டாம். நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் புத்தகப் பை இல்லாத பத்து நாட்களைச் சொல்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகளோடு எனக்குச் சண்டை உண்டு. இந்தப் பத்து நாளை விடமாட்டேன்.

மட்டாஞ்சேரி எல்லா ஊரிலும் இல்லையே என்பார்கள். உத்திரமேரூர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பாடமாகப் படிக்கும் எத்தனை காஞ்சிபுரம் பிள்ளைகள் அதைக் கையால் தொட்டிருக்கிறார்கள்? அதுவும் தூரம் என்றால், உங்கள் ஊர் ஏரியின் மடையை யார் திறக்கிறார்கள், யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். ரேஷன் கடை வரிசையில் அரை மணி நேரம் நிற்க வையுங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் தேதியில் உங்கள் வகுப்பைக் கூட்டிப்போய்ப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். பிள்ளைகள் கையில் கேள்வி எழுத ஒரு நோட்டு மட்டும் இருந்தால் போதும்.