மோட்டார் விபத்துக்குப் பின்: ஆறாவது வாரத்தில் யார் வருகிறார்கள்?

காலை ஆறரை மணி. ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து சுங்கை பீசி பக்கமும் பாலாக்கோங் பக்கமும் போகும் சாலைகளில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நகர்கின்றன. தொழிற்சாலையில் முதல் ஷிப்ட்டுக்குப் போகிறவர், இரவு முழுக்கக் காவல் வேலை பார்த்துத் தூக்கக் கலக்கத்தோடு வீடு திரும்புகிறவர், உணவுப் பெட்டியை மாட்டிக்கொண்டு கிளம்பும் தம்பி, பின்னால் பள்ளிப் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு போகும் அம்மா. தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் வாகனம் ஒரு கப்சாய் மோட்டார்தான். சம்பளம் கொண்டு வருவது அது. சில வீடுகளில் ஒரே நாளில் அந்தச் சம்பளத்தை நிறுத்துவதும் அதுதான்.

மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இந்த எண்ணிக்கை செய்தியில் வருகிறது. உயிர் பிழைத்து, காலில் இரும்புக் கம்பியோடு கட்டிலில் கிடப்பவர்களைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது இருபத்தெட்டு, பாலாக்கோங் தொழிற்சாலையில் வேலை, வீட்டில் மனைவியும் ஒரு குழந்தையும். வேலைக்குப் போகும் வழியில் கார் ஒன்று திடீரென்று பாதை மாற, தூக்கி வீசப்படுகிறார். முதல் வாரம் மருத்துவமனையில் நிற்க இடமிருக்காது. ஒன்றாகச் சவாரி போகும் நண்பர்கள், கோயில் குழு, தாமான் இளைஞர்கள் என எல்லாரும் வந்து நிற்பார்கள். ஆரஞ்சுப் பழமும் மாவு டின்னும் குவியும். இரண்டாவது வாரம் வாட்ஸ்அப்பில் விசாரிப்பு. ஆறாவது வாரம்? அவருக்கு ஆள் அதிகமாகத் தேவைப்படுவது அப்போதுதான், வருகிறவர்களோ குறைந்திருப்பார்கள். அதைச் சக ஓட்டிகள் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

விபத்து நடந்த இடத்தில் செய்ய வேண்டியது குறைவுதான், ஆனால் அதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. 999க்கு அழைக்க வேண்டும். பின்னால் வரும் வாகனங்களை எச்சரிக்க ஒருவர் தள்ளி நிற்க வேண்டும். விழுந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பது பழைய வழக்கம், அதை விட்டுவிடலாம். கழுத்து எலும்பு முறிந்திருந்தால் ஒரு தவறான அசைவு தண்டுவடத்தையே பாதித்துவிடும். மூச்சு விட முடியாமலோ வாந்தி எடுத்தோ தவித்தாலொழிய ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. தீ, எதிரே வரும் லாரி போன்ற ஆபத்து இருந்தால் மட்டுமே இடம் மாற்ற வேண்டும். கைப்பேசியை எடுப்பவர் வாகன எண்களையும் சாலையில் கிடக்கும் நிலையையும் படம் பிடிக்கட்டும். இரத்தத்தில் கிடப்பவரின் முகத்தைப் படம் பிடித்துக் குழுவில் போடுவது உதவியில் சேராது. சொல்வதற்கு முன்பே மனைவி அந்தப் படத்தைப் பார்த்துவிடுகிறார்.

மருத்துவமனைக்குப் போன பிறகு காலம் மெதுவாகிவிடும். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு முறிந்தால், உள்ளே கம்பி வைத்தாலும், முழுமையாகக் கூடிவர பொதுவாக நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் கிருமித் தொற்று அபாயத்தோடு இன்னும் நாள் பிடிக்கும். புகைப்பிடிப்பது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பது பலருக்குத் தெரியாது. பார்க்க வரும் நண்பர் ஆறுதலுக்கு நீட்டும் சிகரெட் அந்தக் காலுக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது.

மோட்டார் ஓட்டிகளுக்கே அதிகம் வரும் இன்னொரு காயம் உண்டு. தோள் தரையில் மோதி, தலை எதிர்ப்பக்கம் வளையும்போது, கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை இழுபட்டோ அறுந்தோ போகிறது. எலும்பு முறிவு இருக்காது, வெளிக்காயமும் பெரிதாகத் தெரியாது. ஆனால் கை தொங்கிக் கிடக்கும். "கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும்" என்று உருட் பிடிக்கவும் எண்ணெய் தேய்க்கவும் அழைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே இழக்கப்படுவது காலம். நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். தோளிலிருந்து விரல் வரை உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள். இணைப்பு போய்ச் சேர்வதற்குள் தசை சுருங்கிவிட்டால் பிறகு பயனில்லை. அதனால் அறுவைச் சிகிச்சை தேவைப்படுபவர்களுக்கு முதல் ஆறு மாதங்களுக்குள் அது நடப்பது நல்லது. கை அசையவில்லை என்று தெரிந்தால், நரம்பு அறுவைச் சிகிச்சை செய்யும் பிரிவுக்கு அனுப்பும்படி மருத்துவரிடம் கேட்க நண்பர் ஒருவர் கூடப் போனாலே போதும். வலியில் கிடப்பவருக்கு எதைக் கேட்பது என்றே தோன்றாது.

ஸ்ரீ கெம்பாங்கான் வாசிகளுக்கு ஒரு வசதி, பெரிய மருத்துவமனைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. முன்பு செர்டாங் மருத்துவமனை என்று அழைக்கப்பட்டு இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா பெயரைத் தாங்கி நிற்பது ஒன்று. செராஸ், பண்டார் துன் ரசாக்கில் மறுவாழ்வு சிகிச்சைக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. இருந்தும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போகாமல் விடுகிறவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் மிகச் சாதாரணமானது: கொண்டுபோய் விட ஆளில்லை. ஊன்றுகோலோடு மின்தூக்கி வேலை செய்யாத அடுக்குமாடியில் நான்காவது மாடியிலிருந்து இறங்குவதே ஒரு நாள் வேலை. பத்துப் பேர் கொண்ட சவாரிக் குழு ஆளுக்கு ஒரு நாள் என்று முறை போட்டுக்கொண்டால் ஒருவருக்கும் சுமையில்லை. செவ்வாய் ஒருவர், வெள்ளி இன்னொருவர், கார் வைத்திருக்கும் அண்ணன் மாதம் ஒருமுறை. இதற்குப் பணம் வசூலிக்கக்கூடத் தேவையில்லை.

சக ஓட்டிகளின் துணை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பந்தய உலகில் ஒரு சான்று இருக்கிறது, அதில் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவின் வெய்ன் ரெய்னி 1990, 1991, 1992 என மூன்று ஆண்டு தொடர்ந்து 500சிசி உலக வெற்றியாளர். 1993இல் ஷா ஆலம், பத்து தீகா ஓட்டப்பாதையில் நடந்த மலேசியப் பந்தயத்தில் வென்றவரும் அவரே. அந்தப் பாதை இன்று இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி, இத்தாலியின் மிசானோவில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தார். முதுகெலும்பு முறிந்து, மார்புக்குக் கீழே அசைவு போய்விட்டது.

அவருடைய கடும் போட்டியாளர் கெவின் ஷ்வாண்ட்ஸ். இருவரும் பாதையில் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. பழைய போட்டியாளரான எட்டி லாசன், ரெய்னி கையாலேயே இயக்கும் சிறு பந்தயக் கார் ஓட்டத் தொடங்கியபோது கூடவே ஓட்டினார். 2022இல் இங்கிலாந்தின் குட்வுட் விழாவில், விபத்து நடந்து ஏறத்தாழ 29 ஆண்டு கழித்து, ரெய்னி தன் 1992ஆம் ஆண்டு யமஹாவில் மறுபடி ஏறினார். காலால் மாற்றும் கியரைக் கையில் மாற்றும்படி பொருத்தினார்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் ஓட்டி வந்தவர்கள் ஷ்வாண்ட்ஸ், கென்னி ராபர்ட்ஸ், மிக் டூஹான். நான்கு உலக வெற்றியாளர்கள், அன்று யாரும் யாரையும் முந்தவில்லை.

தமிழகத்து நிகழ்வு ஒன்றும் உண்டு. அங்கே காரணம் மோட்டார் அல்ல. 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் தொடங்கினார். சில பிள்ளைகளோடு ஆரம்பித்தது பெரிய மறுவாழ்வு மையமாக வளர்ந்தது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விழுந்தவருக்கு விழுந்தவர் சொல்லும் சொல் மருத்துவர் சொல்வதைவிட ஆழமாக இறங்கும் என்பது அங்கே தெரிந்தது. கால் முறிந்து மீண்ட ஓட்டி ஒருவர் குழுவில் இருந்தால், முதலில் அனுப்ப வேண்டியது அவரைத்தான்.

இனி பணம். சொக்சோ எனப்படும் பெர்கேசோவில் சந்தா கட்டும் தொழிலாளி, வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் அல்லது திரும்பும் வழியில் விபத்துக்குள்ளானால், அது வேலை விபத்தாகவே கருதப்படும். மதிய உணவு நேரத்தில் சாப்பிடப் போகும் வழியும் அதில் அடங்கும். ஆனால் வழியை மாற்றக் கூடாது. வேலை முடிந்து தே தாரேக் குடிக்க வேறு பக்கம் திரும்பிய பிறகு விழுந்தால், வேலை விபத்துத் திட்டத்தில் கோரிக்கை சிக்கலாகிவிடும். அதனால்தான் பெர்கேசோ வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பாதையின் வரைபடத்தையும், அன்றைய வருகைப் பதிவையும், போலீஸ் புகாரையும் கேட்கிறது. முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும். போலீசில் புகார் செய்ய 24 மணி நேரம். கட்டிலில் கிடப்பவரால் இது முடியாது. மனைவிக்கு எந்த பாரம் எங்கே என்று தெரியாது. குழுவில் பாரம் நிரப்பத் தெரிந்த ஒருவர் ஒரு பிற்பகலை ஒதுக்கினால் குடும்பத்தின் பல மாதச் சாப்பாடு அதில் இருக்கிறது.

எம்.சி. விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் இருந்தால், கணக்கிடப்பட்ட தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊனத்துக்கான உதவியாகக் கிடைக்கும். ஒவ்வொரு எம்.சி.யையும் அனுப்பி வைக்க வேண்டும், நடுவில் ஒன்று தொலைந்தால் அந்த நாட்களின் பணம் நிற்கும். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு விழுக்காடு நிர்ணயிக்கும். 2007 முதல் பெர்கேசோ மறுபடி வேலைக்குத் திரும்பும் திட்டத்தை நடத்துகிறது. மலாக்காவில் 2014இல் திறந்த துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையமும் அதனுடையதே. தகுதியுள்ளவர் அங்கே தங்கிச் சிகிச்சை பெறலாம். இதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கேட்காதவருக்குத் தானாக வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது.

உணவு, பொருள் விநியோகம் செய்யும் தம்பிகளுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. அவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தொடக்கத்தில் டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்காக வந்தது பின்னர் விநியோகிப்பவர்களுக்கும் விரிந்தது. 2025இல் நாடாளுமன்றம் கிக் தொழிலாளர் மசோதாவையும் நிறைவேற்றியது. ஆனால் சந்தா நடப்பில் இருந்தால்தான் பாதுகாப்பு. ஒரு மாலை மாமாக் கடையில் உட்கார்ந்து குழுவில் உள்ள எல்லாரும் தத்தம் சந்தாவை கைப்பேசியில் சரிபார்த்துக்கொள்வது, அடுத்த சுற்றுலாவுக்கு ஜெர்சி அடிப்பதைவிட அவசரமான வேலை.

கட்டிலருகே இன்னொருவரும் வருவார். பெயர் அட்டை நீட்டி, "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பார். வழக்கு பிடித்துத் தரும் தரகர் அவர். வலியில் போட்ட கையெழுத்து பிறகு இழப்பீட்டில் பெரும் பங்கைத் தின்றுவிடக்கூடும். அவசரப்படத் தேவையே இல்லை. மற்ற வாகனமோட்டியின் தவறுக்காக வழக்குத் தொடுக்க தீபகற்ப மலேசியாவில் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அரசு வாகனமாக இருந்தால் மட்டும் 36 மாதம். வழக்கறிஞரை நேரில் பார்த்து, கட்டணத்தை எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடலாம்.

உடல் ஆறினாலும் மனம் பின்தங்கலாம். லாரி ஹாரன் கேட்டால் உடல் நடுங்கும், தூக்கத்தில் அதே சந்திப்பு திரும்பத் திரும்ப வரும், வீட்டில் காரணமில்லாமல் கோபம் வரும். ஒரு மாதத்துக்கு மேல் இது நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும் பேசலாம். "ஆம்பளையா இரு, ஏறி ஓட்டு" என்று நண்பர்கள் தள்ளுவது நல்லெண்ணத்தில்தான், ஆனால் தள்ளப்பட்டவர் மறுபடி விழுந்தால் அடுத்த முறை மோட்டார் பக்கமே போகமாட்டார். மறுபடி ஓட்டவே விருப்பமில்லை என்றால் அதுவும் அவர் முடிவு. ரயிலில் வேலைக்குப் போகிறவரையும் தேநீருக்குக் கூப்பிடத்தான் வேண்டும்.

ஓட்ட விரும்புகிறவருக்கு, மருத்துவர் அனுமதித்த பிறகு, ஞாயிறு காலை சாலை காலியாக இருக்கும் நேரம் நல்லது. பிரேக் மிதிக்கக் காலில் பலம் இருக்கிறதா, நிற்கும்போது வண்டியின் எடையைத் தாங்க முடிகிறதா என்று முதலில் வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம். அவர் நடுவில், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். தாமானைச் சுற்றி இரண்டு முறை, அவ்வளவுதான். பழைய ஹெல்மெட் மட்டும் வேண்டாம். வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே நுரை ஒருமுறை அழுந்திவிட்டால் அடுத்த அடியைத் தாங்காது. சிரிம் முத்திரை பதித்த புதிய ஹெல்மெட் ஒன்றைக் குழுவாகச் சேர்ந்து வாங்கிக் கொடுத்தால், வாரக்கணக்கில் மாவு டின் வாங்கிப் போனதைவிட உபயோகமாக இருக்கும்.