ரயில் போன வழியில் கால்நடையாக

கிள்ளான் பள்ளத்தாக்கில் ரயில் விட்டுப்போன தடங்கள் சும்மா கிடப்பதில்லை. ஈயச் சுரங்கக் காலத்தில் சுல்தான் தெருவிலிருந்து அம்பாங்குக்கு ஓடிய கிளைப்பாதையின் தடத்தில் 1996 முதல் எல்.ஆர்.டி. ஓடுகிறது. அதனால் பிரிக்பீல்ட்ஸ்காரர் பழைய தண்டவாள வழியில் நீளமாக நடக்க ஆசைப்பட்டால் சிங்கப்பூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பாகார் வரை கே.டி.எம். ரயில் ஓடிய 24 கிலோமீட்டரில் பெரும்பகுதி அங்கே நடைபாதையாகிவிட்டது. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஓட்டியவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம்.

163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா குன்றின் அடிவாரத்தில் போகும்போதும் இங்கே மூச்சு வாங்காது. அதற்கு ரயிலின் பலவீனம்தான் காரணம். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சில்லறைக் காசு அளவுதான். இரண்டும் அதிகம் அமுங்காததால் சமதளத்தில் பெரும் பாரமும் லேசாக உருளும். ஆனால் பிடிமானம் குறைவு. மேடு வந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்வதே ரயிலுக்குப் பெரிய ஏற்றம். அதனால் மேட்டை வெட்டி, அந்த மண்ணையே பக்கத்துப் பள்ளத்தில் கொட்டிக் கரை கட்டினார்கள். மலாயா ரயில் பாதைகளில் மண்வெட்டி பிடித்தவர்களில் நம் ஆட்கள் ஏராளம்.

புக்கிட் தீமா நிலையத்தில் தடம் சட்டென்று அகலும். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் ஒதுங்கிக்கொள்ள இங்கே இரண்டாவது தண்டவாளம் இருந்தது. கையில் டோக்கன் என்ற அனுமதி அடையாளம் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த நிலையத்தை நோக்கி நகரக் கூடாது என்பது அன்றைய விதி. நிலைய ஊழியர் அதைப் பெரிய வளையத்தில் மாட்டி நீட்டுவார். ஓடும் வண்டியிலிருந்தே கைநீட்டி வாங்கிக்கொள்வார்கள். இரு நிலையங்களிலும் இருந்த டோக்கன் பெட்டிகள் மின்கம்பியால் இணைந்திருந்தன. ஒரு டோக்கன் வெளியே வந்துவிட்டால், அது ஏதாவதொரு பெட்டிக்குள் திரும்பும்வரை இன்னொன்று வராது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதைவிடக் கெட்டியான காவல் வேறென்ன வேண்டும்? புக்கிட் தீமாவில் இந்த ஏற்பாடு 2011 வரை நீடித்தது.

தண்டவாளத்தைப் பெரும்பாலும் பெயர்த்துவிட்டார்கள். நிலையத்தருகே கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறார்கள். உள்பக்க இடைவெளி சரியாக ஒரு மீட்டர், முன்பு எழும்பூரிலிருந்து தெற்கே ஓடிய மீட்டர் கேஜ் அளவேதான்.

முழுத் தூரமும் நடக்க முடியாதவர்கள் இந்த நிலையத்திலிருந்து ரயில் மால் கடைகள் வரை போனால் போதும், வழியில் உள்ள இரண்டு இரும்புப் பாலங்களையும் பார்த்துவிடலாம். காலையிலேயே கிளம்புங்கள், கரைமேல் நிழல் குறைவு.