சர்வர் ஏன் திணறுகிறது?

2018 பிப்ரவரி 1. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் எனும் மின்னணுச் சீட்டு கட்டாயமானது. அன்றே இணையதளம் முடங்கியது. திட்டம் ஏப்ரல் 1-க்குத் தள்ளிப்போனது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கென்றால், அந்தச் சீட்டில்லாமல் சேலத்து ஜவ்வரிசியோடு நாமக்கல் லாரி எல்லை தாண்ட முடியாது.

இப்படியொரு இணையதளத்தின் பின்னால் இருக்கும் தரவுத்தள சர்வர் திணறினால் எங்கே பார்ப்பது? முதலில் பிராசஸரை. அது முழுவேகத்தில் ஓடினால், ஏதோ ஒரு வினவல் லட்சக்கணக்கான பதிவுகளை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறதா என்று சந்தேகிக்கலாம். வண்டி எண்ணுக்கு ஒரு இன்டெக்ஸ் போட்டாலே நொடிகள் மில்லி நொடிகளாகச் சுருங்கக்கூடும்.

பிராசஸர் சும்மா இருந்தும் பதில் வரவில்லையா? பலரும் ஏமாறுவது இங்கேதான். நடப்பது வேலை அல்ல, காத்திருப்பு. டிஸ்க்குக்காக இருக்கலாம்; தேவைப்படும் பதிவை வேறொரு பரிவர்த்தனை பூட்டி வைத்திருக்கலாம். அந்தப் பூட்டு விடாமல் நின்றால், சுங்கச்சாவடியில் பழுதான லாரி மாதிரி, பின்னால் நூறு நிற்கும். எந்த இணைப்பு எதற்காகக் காத்திருக்கிறது என்பதை போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள் எல்லாமே அப்போதே காட்டும். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் பெரிய சர்வர் வாங்குவது பெரும்பாலும் வீண்செலவு.