ஒரே ஊரில் இருவருக்கும் வேலை

கணவனும் மனைவியும் படித்தவர்கள். இருவருக்கும் உத்தியோகம் வேண்டும். கணவனுக்கு ஓர் ஊரில் வேலை கிடைக்கிறது. மனைவிக்குப் பல நூறு கிலோமீற்றர் தள்ளி இன்னோர் ஊரில் கிடைக்கிறது. இப்போது யார் யாருக்காக வேலையை விடுவது? எமது சமூகத்தில் இக்கேள்விக்குரிய பதில், கேள்வியைக் கேட்கும் முன்னரே தயாராக இருக்கும். பிள்ளைகள், வீடு, வயதான மாமியார் எனக் காரணங்கள் வரிசையாக வரும். கடைசியில் பெண்ணின் உத்தியோகம்தான் கைவிடப்படும்.

இது எமக்கு மட்டும் உரிய பிரச்சினை என்று எண்ணிவிடக் கூடாது. மெத்தப் படித்தவர்கள் கூடியிருக்கும் பல்கலைக்கழகங்களிலும் இதே கதைதான் நீண்ட காலமாக நடந்து வந்திருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் கணவன், மனைவி இருவரும் விரிவுரையாளராகவோ ஆய்வாளராகவோ இருந்து ஒரே இடத்தில் வேலை தேடும் நிலையை ‘இரு உடல் பிரச்சினை’ என்று பாதி வேடிக்கையாகவும் பாதி வேதனையாகவும் சொல்வார்கள். இரண்டு பொருட்கள் ஒன்றையொன்று இழுத்தபடி எவ்வாறு இயங்குகின்றன என்று பௌதிகவியலில் வரும் ஒரு கணக்கின் பெயர் அது.

போரால் பாதிக்கப்பட்ட எமக்கு அமெரிக்கப் பேராசிரியர்களின் வேலைப் பிரச்சினை எதற்கு என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். ஒரு குடும்பத்தில் ஒருவரின் உழைப்பு மட்டும் இருந்து, அந்த ஒருவரும் இல்லாமற்போனால் என்ன நடக்கும் என்பதை எம்மைவிட யார் அறிவார்? பெண்ணுக்கெனச் சொந்தப் பெயரில் ஒரு வேலை இருப்பது ஆடம்பரமல்ல. அத்துடன் எமது பிள்ளைகளும் தங்கைமாரும் இன்று மேற்படிப்புக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர். நாளை இப்பிரச்சினை அவர்களுடையதாகவும் இருக்கும்.

கதவை மூடிய விதிகள்

அமெரிக்காவில் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் பல பல்கலைக்கழகங்கள் ஒரு விதியை வைத்திருந்தன. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தக்கூடாது என்பதே அது. உறவினருக்குச் சலுகை காட்டுவதைத் தடுப்பதற்கென்று கொண்டுவரப்பட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நடைமுறையில் வேலையை இழந்தவர்கள் பெரும்பாலும் மனைவிமாரே.

மரியா கோப்பெர்ட் மேயர் என்ற பௌதிகவியல் அறிஞரின் வாழ்க்கை இதற்குச் சிறந்த சாட்சி. 1930இல் ஜேர்மனியில் கலாநிதிப் பட்டம் பெற்ற இவர், அமெரிக்கரான கணவருடன் அந்நாட்டுக்குச் சென்றார். கணவருக்குப் பேராசிரியர் வேலை. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ், கொலம்பியா, சிக்காகோ எனக் கணவர் போன பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் இவரும் போனார். ஆய்வு செய்தார், மாணவர்களுக்குக் கற்பித்தார். ஆனால் அவற்றில் முறையான சம்பளத்துடன் கூடிய பேராசிரியர் பதவி இவருக்குக் கிட்டவில்லை. சிக்காகோவில் சம்பளமற்ற பேராசிரியராகவே இருந்தார். அயலிலிருந்த ஆய்வுகூடமொன்றின் பகுதிநேர வேலையே அக்காலத்தில் இவருக்குச் சம்பளம் தந்தது. அணுக்கருவின் அமைப்பை விளக்கிய இவரது பெரும் கண்டுபிடிப்பும் அந்தக் காலத்திலேயே நிகழ்ந்தது. 1960இல் கலிபோர்ணியாவின் சான் டியேகோவில் உருவாகிக்கொண்டிருந்த பல்கலைக்கழகம் கணவன், மனைவி இருவரையுமே முழுச் சம்பளத்துடன் பேராசிரியர்களாக அமர்த்தியது. கலாநிதிப் பட்டம் பெற்று முப்பது வருடங்கள் ஆகிவிட்டிருந்தன. மூன்று வருடங்களில், 1963இல், இவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கேர்ட்டி கோரியும் அப்படித்தான். இவரும் கணவரும் பிராக் நகரில் ஒன்றாக மருத்துவம் படித்து, ஒன்றாகவே ஆய்வு செய்தவர்கள். கணவருக்கு வேலை தர முன்வந்த இடங்கள் மனைவியை ஏற்க மறுத்தன. கணவருடன் சேர்ந்து வேலை செய்வதால் அவருடைய முன்னேற்றத்தைக் கெடுக்கிறாய் என்றுகூட இவரிடம் சொல்லப்பட்டது. 1931இல் சென் லூயிஸ் நகரப் பல்கலைக்கழகம் இருவரையும் ஏற்றது. எனினும் மனைவிக்குத் தாழ்ந்த பதவி, மிகக் குறைந்த சம்பளம். இவர் முழுப் பேராசிரியரானது 1947இல். அதே வருடம் கணவன், மனைவி இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1971இல் இந்த விதிகளுக்கு எதிராக அறிக்கை வெளியிட்டது. உறவினர் என்ற காரணத்துக்காக ஒருவரின் தகுதியைத் தள்ளிவைக்கக் கூடாது, உறவினர் பற்றிய முடிவுகளில் மற்றவர் பங்குபற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதே அதன் சாரம்.

எண்கள் சொல்வது

விதிகள் தளர்ந்த பின்னரும் வழக்கம் உடனே மாறிவிடவில்லை. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் பால்நிலை ஆய்வு நிலையம் 2008இல் வெளியிட்ட ஆய்வில், முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 13ஐச் சேர்ந்த ஏறத்தாழ 9,000 கல்வியாளர்களின் பதில்கள் ஆராயப்பட்டன. அவர்களில் 36 வீதமானோரின் வாழ்க்கைத் துணையும் கல்வியாளரே. பெண்களை மட்டும் எடுத்தால் இது 40 வீதம். ஆகவே இப்பிரச்சினை பெண்களையே கூடுதலாகத் தாக்குகிறது.

யாருடைய தொழில் முதன்மையானது என்று இத்தகைய தம்பதியரிடம் கேட்கப்பட்டது. ஆண்களில் பாதிப்பேர் தமது தொழிலே என்றனர். அவ்வாறு சொன்ன பெண்களோ 20 வீதம்தான். தம்பதியராக வேலைக்குச் சேர்ந்தோர் 1970களில் 3 வீதமாக இருந்து 2000க்குப் பின்னர் 13 வீதமாக உயர்ந்தனர். ஆனால் இரண்டாவது ஆளாகச் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

லோரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கசப்பானது. விண்ணப்பதாரிகளிடம் குடும்ப நிலை பற்றிக் கேட்கலாகாது என்பது அங்கு பொதுவான நெறி. ஆயினும் தெரிவுக் குழுக்களுக்குள் பேசப்பட்டதை அவர் நேரில் அவதானித்தார். விண்ணப்பித்த பெண்ணின் கணவனுக்கு நல்ல வேலை இருந்தால், ‘அவர் இடம்பெயர மாட்டார், ஆகவே இவரும் வரமாட்டார்’ என்று பெண்ணைத் தள்ளிவிடுகின்றனர். ஆணின் மனைவியைப் பற்றியோ எந்தக் கவலையும் இல்லை. அவள் எங்கேயும் பின்னால் வருவாள் என்பது எல்லோருடைய எண்ணம்.

தோழியின் அனுபவம்

என்னுடன் பேராதனையில் சமூகவியல் படித்த தோழி ஒருவர் இன்று அமெரிக்காவில் விரிவுரையாளராக இருக்கிறார். 2009இல் முகாமுக்குள் இருந்துகொண்டு உயர்தரப் பரீட்சை எழுதியவர். அங்கு கலாநிதிப் பட்டம் முடித்து, விவசாய விஞ்ஞானம் படித்த ஒருவரை மணந்தார். முதலில் கணவருக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. மனைவிக்கும் ஏதாவது பார்ப்போம் என்று வாய்ச்சொல்லாகச் சொன்னார்கள். அந்த ‘ஏதாவது’ ஒரு பாடத்துக்கு மட்டும் சம்பளம் பெறும் தற்காலிகக் கற்பித்தலாக முடிந்தது. இருப்பதற்குச் சொந்த மேசைகூட இல்லை.

“இஞ்ச எனக்குப் பேர் இல்லை. இன்னாற்றை மனிசி எண்டுதான் சொல்லுவினம்” என்று தொலைபேசியில் ஒருநாள் சொன்னார். முகாமில் அட்டை இலக்கமாக இருந்த பிறகு, படித்தாவது ஒரு பெயர் எடுக்கவேண்டும் என்று நினைத்தவர் அவர். அந்த வார்த்தையின் கனம் எனக்கு விளங்கியது.

இரண்டு வருடம் கழித்து வேறொரு பல்கலைக்கழகம் அவரையே நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. இம்முறை அவர் அவசரப்படவில்லை. “வேலை தாறம் எண்டு எழுத்தில வந்தாப் பிறகுதான் வாயைத் திறந்தனான். அப்பதான் அவையளுக்கு நான் தேவை” என்றார். துறைத் தலைவரிடம் கணவரின் விபரக்கோவையைக் கொடுத்து, தம்பதியருக்கான அலுவலகம் உண்டா என்று கேட்டார். அலுவலகம் இருந்தது. கணவர் விவசாயத் துறைக்கு அழைக்கப்பட்டு, விரிவுரை நிகழ்த்தி, நேர்முகத் தேர்வுக்கும் முகங்கொடுத்தார். அவருக்கு மூன்று வருட ஒப்பந்தம் கிடைத்தது. இன்று அந்தக் கட்டிடத்தில் அவரைத்தான் ‘இன்னாரின் கணவர்’ என்று அறிமுகம் செய்கிறார்களாம். அவர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறார் என்று தோழி சொன்னார்.

உதவி எவ்வாறு நடைபெறுகிறது?

பல்கலைக்கழகம் ஒருவரைத் தெரிவுசெய்து வேலையை வழங்க முன்வந்ததும், அவர் தமது துணையைப் பற்றிச் சொல்கிறார். துறைத் தலைவர் பீடாதிபதிக்கு அறிவிக்கிறார். துணையின் விபரக்கோவை பொருத்தமான துறைக்கு அனுப்பப்படுகிறது. அத்துறை அவரை அழைத்துப் பார்த்துத் தகுதியானவர் என்று ஏற்றால் மாத்திரமே மேற்கொண்டு செல்கின்றனர். சம்பளத்தை யார் தருவது என்பது அடுத்த கேள்வி. முதலில் எடுக்கும் துறை, துணையை ஏற்கும் துறை, பல்கலைக்கழகத்தின் மத்திய நிதி ஆகிய மூன்றும் சில வருடங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் பகிர்ந்துகொள்வது பல இடங்களில் உள்ள வழக்கம்.

எல்லோருக்கும் நிரந்தரப் பதவி கிடைப்பதில்லை. சிலருக்கு ஆய்வுப் பதவி, சிலருக்கு நிர்வாக வேலை, சிலருக்குக் குறித்த கால ஒப்பந்தம். ஒரே பதவியை இருவர் பகிர்ந்துகொள்வதும் உண்டு. துணை கல்வியாளர் அல்லாதவராயின், அயலிலுள்ள நிறுவனங்களுடன் தொடர்பு ஏற்படுத்திக் கொடுப்பார்கள். ஒரு பிராந்தியத்துப் பல்கலைக்கழகங்கள் பலவும் சேர்ந்து வெற்றிடங்களை ஒரே இடத்தில் வெளியிடும் கூட்டமைப்பு 2000ஆம் ஆண்டு கலிபோர்ணியாவில் தொடங்கி ஏனைய மாநிலங்களுக்கும் பரவியது. தம்பதியர் இருவரும் ஒரே சுற்றாடலில் வேலை தேட அது வழி செய்தது. சுவிற்சர்லாந்தில் சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 1990களின் இறுதியிலிருந்து இவ்வாறான ஆலோசனை சேவையை நடத்தி வருகிறது.

பல்கலைக்கழகங்கள் இதை இரக்கத்தால் செய்யவில்லை. சிறிய நகரமொன்றில் ஒரேயொரு பல்கலைக்கழகம்தான் இருக்கும். துணைக்கு அங்கு வேலை இல்லையென்றால், தெரிவான நல்ல ஆசிரியரும் வரமாட்டார், அல்லது வந்து சில வருடங்களில் போய்விடுவார்.

இது நியாயமா?

போட்டியின்றி ஒருவர் உள்ளே வருவது சரியா என்ற கேள்வி எழுகிறது. தனித்து வாழும் பெண்ணுக்கும் கணவனை இழந்த பெண்ணுக்கும் இத்தகைய சலுகை இல்லையே என்பதும் உண்மைதான். போரில் கணவரை இழந்த சகோதரிகள் பலர் வாசிக்கும் சஞ்சிகையில் இதை மறைத்து எழுத முடியாது.

என் கருத்து இதுதான். தகுதி பார்க்கப்படாமல் கொடுக்கப்படும் வேலை எவருக்கும் நன்மை தராது. இன்னொருவருக்கென விளம்பரம் செய்யப்பட்ட இடத்தைப் பறித்துக் கொடுப்பதும் தவறு. ஆனால் இரண்டாவதாக வந்தவர்கள் உழைப்பில் குறைந்தவர்கள் என்ற பேச்சுக்கு மேற்சொன்ன ஸ்ரான்போர்ட் ஆய்வு ஆதாரம் காணவில்லை. அத்துடன், வேலைக்கு வருபவருக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று ஏற்றுக்கொண்ட நிறுவனம், அந்த வீட்டில் கணவர் இல்லாமல் பிள்ளைகளும் தாயும் மட்டும் இருந்தாலும் அதை ஏற்கவேண்டும். பிள்ளைப் பராமரிப்பு, பாடசாலை, தங்குமிடம் என்பவற்றில் அதே அக்கறை காட்டப்பட வேண்டும். தம்பதியருக்காக வாதாடுவோர் தனித்த தாய்மாருக்காகவும் வாதாட வேண்டும்.

எழுதப்பட்ட நடைமுறை இல்லாத இடத்தில் இவ்வுதவி யாருக்குச் செல்வாக்கு உண்டோ அவருக்கே போய்ச் சேரும். அலுவலகமும் விதியும் இருந்தால், கூச்சமுள்ள பெண்ணும் போய்க் கேட்கலாம். எமது நாட்டில் கணவன் வேலை செய்யும் இடத்தைக் காட்டி இடமாற்றம் கேட்கும் ஆசிரியைகள் இதை நன்கு அறிவார்கள்.

கேட்க வேண்டியவை

மேற்படிப்புக்குச் சென்றிருக்கும் உங்கள் மகளோ தங்கையோ இந்நிலையில் இருந்தால், பின்வருவனவற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

வேலை தருவதாக உறுதி வந்த பின்னர், கையொப்பமிடும் முன்னர் கேட்பதே பொதுவாக ஏற்ற நேரம். இருவரின் விபரக்கோவைகளும் தயாராக இருக்கட்டும். ‘பார்ப்போம்’ என்ற சொல்லை நம்பிக் கிளம்ப வேண்டாம். பதவியின் பெயர், சம்பளம், ஒப்பந்த காலம், அது முடிந்த பின் என்ன என்பன எழுத்தில் வேண்டும். இருவரின் நியமனக் கடிதங்களும் வெவ்வேறாக இருக்கவேண்டும். பிரிவோ மரணமோ நேர்ந்தால் ஒருவரின் வேலை மற்றவருடன் சேர்ந்து போய்விடலாகாது. துணையாகச் செல்லும் விசாவில் வேலை செய்யும் உரிமை உண்டா என்பதை முன்கூட்டியே விசாரிக்கவேண்டும். அமெரிக்காவில் சில வகைத் துணை விசாக்களில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கணவனும் மனைவியும் வீட்டில் பேசவேண்டிய ஒன்று உண்டு. இம்முறை யாருடைய வேலைக்காக இடம்பெயர்கிறோம், அடுத்த முறை யாருடைய வேலைக்காக என்பதே அது. பல்கலைக்கழகம் தரும் உதவி எவ்வளவு பெரிதாயினும், மனைவியின் தொழிலும் தொழில்தான் என்று வீட்டில் ஏற்றுக்கொள்ளப்படாவிட்டால் பயன் இல்லை. எமது பெண்பிள்ளைகளைப் படிப்பிக்க நாம் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தப் படிப்பு அவர்களுடைய சொந்தப் பெயரில் ஒரு வேலையாக நிலைபெறும்வரை அவர்களுக்குத் துணை நிற்பது எம் எல்லோரினதும் கடமையாகும்.