வலியோரை வரிசைப்படுத்தும் கணக்கு

தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளி வாரச் சந்தையில் ஆடு பிடிக்க வரும் வணிகர் தராசைத் தேடுவதில்லை. முதுகெலும்பின்மேல் கையை அழுத்துவார், ஒருமுறை தூக்கிப் பார்ப்பார், இது அதைவிடக் கனம் என்று சொல்லிவிடுவார். முதல் ஆடு இரண்டாவதைவிடக் கனம், இரண்டாவது மூன்றாவதைவிடக் கனம் என்று தெரிந்தால் போதும். முதலதையும் மூன்றாவதையும் ஒப்பிட வேண்டியதே இல்லை. எடை அவ்வாறு ஒரே கோட்டில் நிற்கும் பண்பு. குத்துச்சண்டை வீரரை எடையால் பிரிக்கும் நாம், அவர்தம் ஆற்றலும் அக்கோட்டில் அடங்கும் என எண்ணிவிடுகிறோம். அது அடங்குவதில்லை.

லைட் ஹெவிவெயிட் என ஏடுகள் எழுதும் இளங்கன எடைப் பிரிவு 1903இல் அமெரிக்காவில் தோன்றியது. அதன் உச்ச வரம்பு 175 பவுண்டு, ஏறத்தாழ 79.4 கிலோ. இப்பிரிவின் தலைசிறந்தோர் யார் என்னும் வழக்கில் மூன்று பெயர்களை முதலில் எடுத்துக்கொள்வோம். 1943இல் லாயிட் மார்ஷல் எசார்ட் சார்லஸை வீழ்த்தினார். 1945இல் ஆர்ச்சி மூர் மார்ஷலை வென்றார். 1946இல் சார்லஸ் மூரை வென்றார். இம்மூவரில் முதல்வர் யார்? எவரைத் தலையில் வைத்தாலும் அவரை வென்றவர் கீழே நிற்பார். சுழல் ஒன்று உருவாகிவிடுகிறது.

இத்தகைய சுழலை அவிழ்க்கக் கணிதம் ஒரு வழி வகுத்துள்ளது. சதுரங்கப் போட்டிகளின் முடிவுகளைக் கொண்டு ஆட்டக்காரரின் திறனை மதிப்பிடும் முறையைச் செர்மெலோ 1929இல் வெளியிட்டார். பிராட்லி, டெர்ரி இருவரும் 1952இல் அதனை மீண்டும் கண்டெடுத்தனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்படும். இருவர் மோதும்போது ஒருவர் வெல்லும் வாய்ப்பு, அவரது எண்ணை இருவர் எண்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது. ஒருவருக்கு 3, மற்றவருக்கு 1 எனில் முன்னவர் நான்கில் மூன்று முறை வெல்வார் என எதிர்பார்க்கலாம். நடந்த முடிவுகளோடு மிகவும் பொருந்தும் எண்களைத் தேடிக் காண்பதே எஞ்சிய வேலை. விசுவநாதன் ஆனந்த் 2006இல் 2800ஐத் தாண்டினார் என்று நாம் மகிழ்ந்தோமே, அந்த எலோ தரப்புள்ளியும் இக்குடும்பத்ததே.

சதுரங்கத்தில் இம்முறை செழிப்பதற்குக் காரணம் ஆட்டங்களின் பெருக்கம். மூர் 1935 முதல் 1963 வரை இருநூறுக்கும் மேற்பட்ட போட்டிகளில் இறங்கினார். அவருக்கு இக்கணக்கு ஓரளவு பொருந்தும். மைக்கேல் ஸ்பிங்க்ஸ் தொழில்முறையில் ஆடியவையோ 32 மட்டுமே. இளங்கன எடையில் அவர் தோற்றதே இல்லை. ஒரே தோல்வி 1988இல் கன எடையில் டைசனிடம், 91 நொடியில். இங்கேதான் கணக்கு தடுமாறுகிறது. தோல்வியே காணாதவரின் எண்ணுக்கு எல்லை கிடையாது. எவ்வளவு உயர்த்தினாலும் முடிவுகளோடு இன்னும் நன்றாகப் பொருந்தும். அப்படியே விட்டால் ஸ்பிங்க்ஸ் முடிவிலியில் போய் அமர்வார். வலியவரைத் தவிர்த்துத் தோல்வியின்றி ஓய்வுபெறும் எவருக்கும் அதே இருக்கை கிடைக்கும் என்பதை மறக்கலாகாது.

காலம் மற்றொரு சிக்கல். அடிப்படைக் கணக்கு ஒருவரின் ஆற்றலை மாறாத ஒன்றாகக் கொள்கிறது. 1943இல் தோற்ற சார்லஸ் போர்க்காலப் படைப்பணி முடித்துத் திரும்பியபோது வேறோர் ஆளாக இருந்தார். 1946 என்னும் ஒரே ஆண்டில் மூர், மார்ஷல், தம்மை முன்னர் வென்றிருந்த ஜிம்மி பிவின்ஸ் ஆகிய மூவரையும் வீழ்த்தினார். மூரை அடுத்த ஈராண்டுகளிலும் வென்றார். காலத்தை ஓர் அச்சாகச் சேர்த்தவுடன் மேற்கண்ட சுழல் தானே நேராகிறது.

ஆயினும் சார்லஸ் இப்பிரிவின் உலகப் பட்டத்தை ஒருநாளும் சூடவில்லை! பட்டம் 1941 முதல் 1948 வரை கஸ் லெஸ்னெவிச்சிடம் இருந்தது. அவர் கடலோரக் காவற்படையில் இருந்த காலத்தில் அது உறைந்து கிடந்தது. மார்ஷல், பிவின்ஸ் போன்ற கறுப்பின வீரர்க்கு உலகப் பட்டப் போட்டியே வாய்க்கவில்லை. மூருக்கு அவ்வாய்ப்பு 1952 இறுதியில்தான் கிட்டியது. அப்போது அவர் அகவை 36 அல்லது 39. பிறந்த ஆண்டு 1916 என்று அவரும் 1913 என்று அவர் தாயும் கூறினர். பட்டங்களை எண்ணித் தரவரிசை வகுப்போர் திறனை அளக்கவில்லை. யாருக்குக் கதவு திறந்தது என்பதையே அளக்கின்றனர்.

இப்பிரிவு ஓர் இடைவழியும்கூட. புகழும் பொருளும் கன எடையில் குவிந்திருந்தமையால் சிறந்தோர் மேலேறிப் போயினர். 1960இல் உரோம் ஒலிம்பிக்கில் 18 அகவையில் இளங்கன எடைத் தங்கம் வென்ற முகமது அலி, தொழில்முறையில் இப்பிரிவுக்குத் திரும்பவே இல்லை. 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் அவர் காட்சிப்போட்டி ஆடியதைக் கண்டோர் கண்டது கன எடை வேந்தரை. மேலேறுவதன் விலையைப் பாப் ஃபாஸ்டர் அறிவார். பட்டத்தை 14 முறை காத்த அவர், 1972இல் தம்மைவிட ஏறத்தாழ 40 பவுண்டு கனத்த அலியின் முகத்தைக் கிழித்தார், வெல்ல முடியவில்லை. அத்தோல்வியை இளங்கன எடைக் கணக்கில் சேர்ப்பது முறையாகாது.

இவற்றையெல்லாம் எடைபோட்டு, சார்லஸை முதலிடத்திலும் மூரை இரண்டாமிடத்திலும் தயக்கமின்றி நிறுத்துவேன். ஹாரி கிரெப் ஒருவரிடம் மட்டுமே தோற்ற ஜீன் டன்னி மூன்றாமவர். ஃபாஸ்டரா ஸ்பிங்க்ஸா என்னும் இடத்தில் கணிதம் கைவிரிக்கிறது. ஒருவர் ஓய்வை நெருங்கிய வேளையில் மற்றவர் தொழில்முறைக்கு வந்தார், இருவரையும் இணைக்கும் போட்டிகள் அரிது. இடக்கைக் குத்தின் வலிமைக்காக நான் ஃபாஸ்டரை முன்வைப்பேன். மாற்றி வைப்போரோடு மல்லுக்கு நிற்கமாட்டேன்.