மஞ்சள் முதலில், கருப்பு கடைசியில்

வண்ண நகல் இயந்திரத்தில் நிறங்கள் ஒன்றுசேர வேண்டியது தாளில்தான். அங்கே மஞ்சளும் சயானும் சேர்ந்தால் நல்ல பச்சை. அதே இரண்டும், டோனர் என்ற நிறப்பொடி இருக்கும் டெவலப்பர் பெட்டிக்குள் சேர்ந்துவிட்டால் பெட்டியே வீண். டோனர் துகளின் பருமன் சில மைக்ரான்தான். கலந்த பிறகு பிரித்தெடுக்க முடியாது.

1973இல் ஜெராக்ஸ் நிறுவனம் 6500 என்ற வண்ண நகல் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. மஞ்சள், மெஜந்தா, சயான் மூன்றுக்கும் அதில் ஒரே டிரம். ஒவ்வொரு நிறத்தின் படமும் முறைவைத்து அந்த டிரம்மில் எழும்பி, ஒரே தாளின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும். இறங்கும்போது டோனர் முழுவதும் போய்விடாது, கொஞ்சம் டிரம்மிலேயே ஒட்டி நிற்கும். துடைப்பதில் சிறிது குறை வைத்தாலும் அடுத்த நிறத்தில் முந்தைய நிறம் ஏறிவிடும். பின்னால் வந்த ஒற்றை டிரம் இயந்திரங்கள் சிலவற்றில் கருப்பும் சேர்த்து நான்கு டெவலப்பர்களையும் ஒரு சுழல் சட்டத்தில் ஏற்றினார்கள். முறை வந்தது மட்டும் டிரம்முக்கு எதிரே வந்து நிற்கும், மற்றவை விலகி இருக்கும். கலப்பு குறைந்தது. ஆனால் ஒரு நகலுக்கு நான்கு சுற்று என்பதால் வேகம் போயிற்று.

இன்று நிறத்துக்கு ஒரு டிரம். நான்கும் வரிசையாக நிற்க, அவற்றைத் தொட்டபடி ஒரு பெல்ட் ஓடுகிறது. படங்கள் பெல்ட்டில் அடுக்கப்பட்டு மொத்தமாகத் தாளுக்குப் போகின்றன. வேகம் கூடியது. தொல்லை மட்டும் இடம் மாறிக்கொண்டது. மஞ்சள் படத்தைச் சுமந்த பெல்ட் மெஜந்தா டிரம்மைத் தொட்டுப் போகும்போது, அங்குள்ள மின்னழுத்தத்தால் சில மஞ்சள் துகள்களின் மின்னேற்றம் நேர்மாறாகிவிடுகிறது. அவை பெல்ட்டை விட்டு மெஜந்தா டிரம்மில் ஏறிக்கொள்ளும். ரப்பர் பிளேடு அவற்றை வழித்து வேஸ்ட் டோனர் பாட்டிலுக்கு அனுப்பும். அந்தப் பாட்டிலில் எல்லா நிறமும் கலந்துகிடப்பதால் அதை எடுத்து மறுபடி ஊற்றவே கூடாது. அது சிக்கனமே அல்ல.

டோனரும் மாறியிருக்கிறது. முன்பு பிளாஸ்டிக்கை அரைத்துச் சலித்த கோணல் துகள்கள். இப்போது வேதிமுறையில் வளர்த்தெடுத்த உருண்டைகள். உருண்டையானவை டிரம்மை எளிதில் விட்டுப் போகின்றன, மிச்சம் குறைவு. முழு உருண்டையாகிவிட்டாலோ பிளேடுக்கு அடியில் உருண்டு தப்பிவிடும். ஆகவே பலவற்றை உருளைக்கிழங்குபோல் சற்றே கோணலாகத்தான் ஆக்குகிறார்கள்.

இத்தனையிலும் என்னை அதிகம் கவர்ந்தது டிரம்களின் வரிசை. பல இயந்திரங்களில் மஞ்சள் முதலில் நிற்கிறது, கருப்பு கடைசியில். இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முதலில் நிற்பதால் மஞ்சள் டிரம்முக்கு முன்னாலிருந்து வேறு நிறம் வராது. கடைசியில் நிற்பதால் கருப்பு ஏறிக்கொள்ள அடுத்து டிரம்மே இல்லை. துடைக்கும் பிளேடு இல்லாமல், மிச்சத்தை டெவலப்பரே திரும்ப வாங்கிக்கொள்ளும் இயந்திரங்களில் இந்த வரிசை மிக முக்கியம். கருப்பில் துளி மஞ்சள் சேர்ந்தால் கண்ணுக்கே தெரியாது. மஞ்சளில் துளி கருப்பு விழுந்தால் அடுத்த நகலிலேயே அழுக்காகத் தெரியும்.