இந்தூருக்குப் புறப்படும் முன்

மத்தியப் பிரதேசம் இந்தூரில் 'இண்டஸ்-2' என்றொரு வளையம் உள்ளது. சுற்றளவு சுமார் 172 மீட்டர். 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஓடும் எலக்ட்ரான்களைக் காந்தங்கள் வளைக்கும்போது எக்ஸ் கதிர் பிறக்கிறது.

ஆசிரியர் குழுவுக்கு உதவியாக நானும் போகிறேன். விண்ணப்பம், அனுமதி எல்லாம் அவர் பாடு. சாம்பிள் தூளை வில்லையாக அழுத்துவது என் பாடு. லேசான வேலை இல்லீங்க! தடிமன் கூடினால் கதிர் ஊடுருவாது. குறைந்தால் அளவீடு தேறாது. ஒதுக்கிய நேரம் முடிந்தால் அடுத்த குழு வந்துவிடும். ஆகவே, வெவ்வேறு தடிமனில் மூன்று வில்லைகள்.

"கதிருக்குள்ளயா நிப்பே?" என்று அம்மா பயந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். எக்ஸ்ரே என்றாலே வீட்டில் ஆஸ்பத்திரி ஞாபகம்தான். சாம்பிள் இருப்பது தடுப்புச் சுவர் அறையில். உள்ளே ஆளில்லை என்று தேடிப் பார்த்துப் பூட்டிய பிறகே கதிரைத் திறக்க முடியும் என்று விளக்கினேன். அப்பா கேட்டது ஒன்றுதான்: "ரயிலுக்கு எவ்வளவுப்பா ஆகும்?"